கேம் ஷாஃப்ட் ஹார்டனிங்: பெண்டு எடுக்காமல் கிரைண்டிங்குக்குப் போன முதல் லாட்

கோயம்புத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு மெஷின் ஷாப் வைத்திருக்கிறேன். பழைய டீசல் டிராக்டர் இன்ஜின்களுக்கு, அதாவது கம்பெனி ஸ்பேர் நின்றுபோன மாடல்களுக்கு, கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) செய்து கொடுப்பதுதான் எங்களுக்கு மெயின் வேலை. கடைசல், லோப் (வால்வைத் தள்ளும் மேடு) ப்ரொஃபைல், கிரைண்டிங் எல்லாம் எங்களிடமே நடக்கும். நடுவில் வரும் இண்டக்ஷன் ஹார்டனிங்கை (காயிலில் கரண்ட் விட்டு மேல் தோலை மட்டும் சூடேற்றி, உடனே ஆறவைத்துக் கெட்டியாக்குவது) மட்டும் வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த ஒரு வேலையில் மூன்று வருஷம் பட்ட பாட்டுக்குப் பிறகு, போன நாலு மாதமாக ஒரு பட்டறையில் கொடுத்து வாங்குகிறேன். இது அந்தப் பட்டறையைப் பற்றியது. பேர் போட வேண்டாம், இருக்கிற லோடை முடிக்கவே இரண்டு ஷிப்ட் ஓடுகிறது என்று அதன் உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை முழுக்க எழுதுகிறேன், ஏனென்றால் எந்த ஊரில் யாரிடம் கொடுத்தாலும் இதே விஷயங்களைத்தான் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

முதலில் எங்கள் பீஸ் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாலு சிலிண்டர் கேம், எட்டு லோப், மூன்று ஜர்னல் (பேரிங்கில் உட்கார்ந்து சுற்றும் பகுதி), நீளம் 620 மி.மீ., மெட்டீரியல் ஈஎன்8டி என்ற நடுத்தரக் கார்பன் ஸ்டீல். லோப்பும் ஜர்னலும் 55 ஹெச்ஆர்சிக்குக் (ராக்வெல் ஹார்ட்னெஸ் அளவு) குறையக் கூடாது, கிரைண்டிங் முடிந்த பிறகு கேஸ் டெப்த், அதாவது ஹார்டு ஆன தோலின் ஆழம், குறைந்தது 2 மி.மீ. நிற்க வேண்டும். கிரைண்டிங்குக்கு விடுகிற அலவன்ஸ் டயாவில் 0.4 மி.மீ., அதாவது ஒரு பக்கத்துக்கு 0.2 தான்.

இப்போது முன்பு கொடுத்துக்கொண்டிருந்த இடம். ஹார்டனிங் முடிந்து வரும் ஷாஃப்டை இரண்டு முனை ஜர்னலையும் வி பிளாக்கில் வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் போட்டுச் சுற்றினால் 0.25, 0.30, சில பீஸ் 0.40 மி.மீ. வரைக்கும் ரன் அவுட் (சுற்றும்போது வரும் ஆட்டம்) காட்டும். நாங்கள் அனுப்பும்போது அது 0.03க்குள் இருந்த ஷாஃப்ட். கேட்டால், ‘ஹீட் ட்ரீட்மென்ட்னா பெண்டு வரத்தான் செய்யும், பிரஸ்ஸுல வெச்சு எடுத்துக்கங்க’ என்பார்கள். நானும் அப்படித்தான் இருக்கும் போல என்று ஹேண்ட் பிரஸ் ஒன்று வாங்கி, அதற்கென்று ஒரு ஆளையும் போட்டு, ஒவ்வொரு பீஸாகப் பெண்டு எடுத்து, அதாவது வளைவை நிமிர்த்தி, கிரைண்டிங்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன்.

பெண்டு எடுப்பதில் இருக்கிற ஆபத்து அனுபவப்பட்டால்தான் தெரியும். ஹார்டு ஆன தோல் கண்ணாடி மாதிரி, வளைய மனசில்லாமல் விரிசல் விடும். ஒரு லாட்டில் 60 பீஸ், அதில் 7 பீஸ் கிராக் டெஸ்ட்டில் போய்விட்டது. இருட்டு ரூமில் கறுப்பு லைட்டுக்குக் கீழே, லோப்பின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு பச்சைக் கோடு ஒளிரும், அவ்வளவுதான், அந்த ஷாஃப்டுக்குப் போட்ட கடைசல், மில்லிங் எல்லாம் ஸ்கிராப் எடையோடு போயிற்று. விரிசல் விடாமல் நிமிர்ந்த பீஸும் நிம்மதி தராது. பிரஸ்ஸில் நிமிர்த்தியது உள்ளே ஸ்ட்ரெஸ்ஸாகத் தங்கியிருக்கும். சாயங்காலம் 0.05க்குள் நிமிர்த்தி ரேக்கில் வைத்த ஷாஃப்டை, மேல் தோலைக் கொஞ்சம் கிரைண்டிங்கில் எடுத்ததும் மறுபடி வளைந்து நிற்கிறதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம் ஒன்று உண்டு. வளைந்த ஷாஃப்டை வட்டமாகக் கிரைண்ட் செய்தால் ஒரு பக்கம் கேஸ் கூடுதலாகக் கழியும், எதிர்ப்பக்கம் அப்படியே நிற்கும். வாடிக்கையாளர் ஒருவர் ஒரே உழவு சீசனில் திரும்பக் கொண்டுவந்த கேமை அறுத்துப் பார்த்தபோது, ஒரு எக்ஸாஸ்ட் லோப்பின் பேஸ் சர்க்கிள் பக்கம் (லோப்பின் மூக்குக்கு எதிரே இருக்கும் வட்டப் பகுதி) கேஸ் 1 மி.மீ.கூட இல்லை. லோப் மேல் ஓடும் டாப்பெட் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்திருந்தது. அந்த டிராக்டரை நம்பி அவர் நாலு பேர் காட்டுக்கு உழவு ஒப்புக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

புது இடத்தை எனக்குச் சொன்னவர் ஒரு கியர் பட்டறை நண்பர். குறிச்சி தாண்டி உள்ளே போக வேண்டும். நான் சாம்பிள் ஷாஃப்ட் ஒன்றும் டிராயிங்கும் எடுத்துக்கொண்டு போனேன். உரிமையாளருக்கு அறுபது வயது இருக்கும். டிராயிங்கை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு ரேட் பேசாமல் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

‘ராடு எப்படி வாங்கறீங்க தம்பி? பிரைட் பாரா, பிளாக் பாரா?’

‘பிரைட் பாருங்ணா. கடைசல் கம்மியாகும்னு.’

‘கடைசல் முடிச்சு ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்றீங்களா?’

‘இல்லீங்ணா.’

‘அப்ப பெண்டு பாதி நீங்களே அனுப்பறீங்க’ என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, டீ வரவழைத்துக்கொண்டே சொன்னார். எனக்கு அன்றைக்கு விளங்கிய விஷயம் இதுதான். பிரைட் பாரை டையில் இழுத்துத்தான் எடுக்கிறார்கள், அப்போதே அதன் தோலில் ஸ்ட்ரெஸ் ஏறிவிடுகிறது. நாம் ஒரு பக்கம் அதிகமாக, ஒரு பக்கம் குறைவாக லோப்புக்காக வெட்டி எடுக்கிறோம். மிச்சம் இருக்கிற ஸ்ட்ரெஸ் சமமாக இல்லாமல் உள்ளே பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஸ்டீல் சூடாகும்போது அதன் பலம் இறங்கிவிடும் இல்லையா, அந்த நேரம் பார்த்து அடங்கிக் கிடந்தது எல்லாம் வெளியே வரும். காயிலில் நிற்கிற ஷாஃப்ட் வளைகிறது என்று நாம் ஹார்டனிங்காரரைத் திட்டுகிறோம், வளைவின் விதை நம் பட்டறையிலேயே விழுந்திருக்கிறது. முன்கூட்டியே சூடேற்றி அந்த ஸ்ட்ரெஸ்ஸை இறக்கிவிடுவதுதான் ஸ்ட்ரெஸ் ரிலீவ்.

இரண்டாவது கேள்வி, மெட்டீரியல் நார்மலைஸ் (சூடேற்றிக் காற்றில் ஆறவிடுவது) பண்ணியதா, ஹார்டன் அண்ட் டெம்பர் (சட்டென்று ஆறவைத்துக் கெட்டியாக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றுவது) பண்ணியதா என்று. நார்மலைஸ் பண்ணிய ஈஎன்8டியில் கார்பன் இல்லாத ஃபெரைட் திட்டுத்திட்டாக இருக்கும். இண்டக்ஷனில் சூடு நிற்பதே சில விநாடிதான், அதற்குள் கார்பன் எல்லா இடமும் பரவ வேண்டும் என்றால் டெம்பரேச்சரை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் நேரத்தைக் கூட்ட வேண்டும். எதைச் செய்தாலும் சூடு ஷாஃப்டின் உள்ளே இறங்கி, வளைவும் கூடும். முன்கூட்டியே ஹார்டன் டெம்பர் பண்ணிய ராடில் கார்பைடு பொடிப்பொடியாகப் பரவி இருக்கும், குறைந்த நேரத்தில் வேலை முடிந்துவிடும். ராடு விலை கொஞ்சம் கூடும்தான். ஆனால் பிரஸ்ஸுக்குப் போட்ட ஆள் கூலியோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அப்புறம் மெஷினைக் காட்டினார். இங்கேதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. பழைய இடத்தில் ஷாஃப்டைப் படுக்கவைத்து இரண்டு சென்டருக்கு (கூர்முனைப் பிடி) நடுவில் இறுக்கிப் பிடிப்பார்கள். சூடானால் இரும்பு நீளும், எட்டு லோப்பும் மூன்று ஜர்னலும் வரிசையாகச் சூடேறும்போது மொத்த ஷாஃப்டும் நீளப் பார்க்கும், இரண்டு பக்கமும் அசையாத சென்டர் என்றால் அது எங்கே போகும், நடுவில்தான் வில்லாக வளையும். இங்கே ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிறது, அதன் எடையே அதை இழுத்து வளைக்காது. மேல் சென்டர் ஸ்பிரிங்கில் இருக்கிறது. ஷாஃப்ட் நீளும்போது சென்டர் மேலே விட்டுக்கொடுக்கும், ஆறும்போது கூடவே இறங்கும். கையால் அமுக்கிப் பார்த்தேன், லேசாக விட்டுக்கொடுத்தது. இவ்வளவு சின்ன விஷயம். மூன்று வருஷம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்தது காயில். செம்புக் குழாயை வளைத்துப் பற்றவைத்த காயில் இல்லை, செம்புக் கட்டியிலிருந்து மெஷினிங் பண்ணி எடுத்தது, உள்ளே தண்ணீர் ஓடுகிறது. கேம் லோப்பில் ஒரு கஷ்டம் இருக்கிறது. லோப் வட்டம் இல்லை. வட்டமான காயிலுக்குள் சுற்றவிட்டால் மூக்குப் பகுதி காயிலுக்குப் பக்கத்தில் வரும், பேஸ் சர்க்கிள் தள்ளி நிற்கும். பக்கத்தில் இருப்பது சீக்கிரம் சூடாகும். பேஸ் சர்க்கிளுக்குப் போதுமான சூடு வருவதற்குள் மூக்கு வெந்துவிடும். கேஸ் ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும் விழுந்தால் ஷாஃப்ட் வளைவதற்கு வேறு காரணமே வேண்டாம், ஏனென்றால் ஸ்டீல் ஹார்டு ஆகி மார்ட்டென்சைட் என்ற கெட்டியான அமைப்பாக மாறும்போது கொஞ்சம் பெருக்கிறது, ஆழமாக ஹார்டு ஆன பக்கம் அதிகம் பெருத்து ஷாஃப்டைத் தள்ளும். இவர்கள் காயிலின் உள்துளையை எங்கள் லோப்புக்கு ஏற்ற மாதிரி திருத்தி, பக்கவாட்டில் ஃபிளக்ஸ் கான்சென்ட்ரேட்டர் (காந்தப் புலத்தைக் குவிக்கும் துண்டு) வைத்து, சூடு எங்கே வேண்டுமோ அங்கே கட்டி வைக்கிறார்கள். பக்கத்து லோப்பில் காந்தப் புலம் படாமல் இருக்க செம்பு வளையம் ஒன்று தடுப்பாக நிற்கிறது. அது இல்லாவிட்டால் இப்போதுதான் ஹார்டு ஆன லோப் பக்கத்து லோப்பின் சூட்டில் மறுபடி வாடிவிடும். பழைய இடத்தில் ஒரு சில லோப் மட்டும் 48, 49 காட்டியதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்காக ஒரு லோப் ஓட்டிக் காட்டினார். ஷாஃப்ட் சுற்ற ஆரம்பித்தது, ஒரு ரீங்காரம், லோப்பின் ஓரம் முதலில் மங்கலான கருஞ்சிவப்பாகி, கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் முழு லோப்பும் ஆரஞ்சாகி நின்றது. இரண்டு பக்கத்து லோப்பும் கறுப்பாகவே இருந்தன. நாலு விநாடிக்குள் பவர் நின்று, பாலிமர் கலந்த தண்ணீர் சுற்றி எல்லாப் பக்கமிருந்தும் ஸ்பிரே அடித்தது, உஸ் என்று ஆவி எழுந்து அடங்கியது. பழைய இடத்தில் இதே லோப்புக்குப் பதினைந்து விநாடி நிற்கும். பவர் போதாத மெஷினில் நேரத்தைக் கூட்டித்தான் சரிக்கட்டுவார்கள். தோலுக்கு மட்டும் வேண்டிய சூடு அதற்குள் ஷாஃப்டின் நடு வரைக்கும் போய்விடும். சூடான இரும்பு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு வளைவு. பவரைக் கூட்டி நேரத்தைக் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி என்று அவர் சொன்னது எனக்கு அந்த நாலு விநாடியில் கண்ணால் தெரிந்தது.

ஃப்ரீக்வென்சியும் கேட்டேன், 10 கிலோ ஹெர்ட்ஸ் என்றார். கரண்ட் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பது ஃப்ரீக்வென்சியைப் பொறுத்தது. சூடான ஸ்டீலில் 10 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 5 மி.மீ., 1 கிலோ ஹெர்ட்ஸுக்கு 16 மி.மீ. கிட்ட, 100 கிலோ ஹெர்ட்ஸுக்கு ஒன்றரை மி.மீ. சொச்சம். 2.5, 3 மி.மீ. கேஸ் கேட்கிற ஆளுக்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் மெஷினில் ஓட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஜாப் ஒர்க் கொடுக்கும் முன்பு இந்த ஒரு நம்பரைக் கட்டாயம் கேளுங்கள்.

லோப்பை வரிசையாக ஓட்டுவதில்லை. ஒன்றை விட்டு ஒன்று, மாற்றி மாற்றி ஓட்டி, ஒரே பக்கத்தில் சூடு சேராமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஜர்னலில் இருக்கும் ஆயில் ஹோலுக்குச் சின்ன செம்பு ஆணி செருகுகிறார்கள், இல்லையென்றால் அந்தத் துளையின் ஓரம் அளவுக்கு மீறிச் சூடாகி க்வெஞ்சில் (சட்டென்று ஆறவைக்கும்போது) விரிசல் விடும். எங்கள் டிராயிங்கில் அந்தத் துளைக்குச் சேம்ஃபர் (ஓரத்தைச் சரிவாக எடுப்பது) இல்லை என்பதையும் அவரே கண்டுபிடித்து, போட்டு அனுப்பச் சொன்னார்.

இந்தக் கலை புதிது ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் கிளீவ்லாண்டில் இருந்த ஓஹையோ கிராங்க்ஷாஃப்ட் கம்பெனி 1930களிலேயே கிராங்க் ஜர்னலை இப்படி ஹார்டு பண்ணியது. டோக்கோ என்று பழைய ஆட்கள் சொல்லும் பேர் அந்தக் கம்பெனிப் பேரின் முதலெழுத்துகள்தான். இன்றைக்கு மிச்சிகனில் இருக்கும் இண்டக்டோஹீட் மாதிரி ஆட்கள் ஷாஃப்டைச் சுற்றவே விடாமல், காயிலை இரண்டு பாதியாகப் பிளந்து மேலும் கீழும் மூடி ஒரே அடியில் சூடேற்றும் மெஷின் செய்கிறார்கள். அதெல்லாம் பெரிய கார் கம்பெனிகளின் லைனுக்கு. மாதம் நூறு ஷாஃப்ட் செய்கிற என் மாதிரி ஆளுக்குச் சரியான சென்டரும் சரியான காயிலும் கிடைத்தாலே போதும்.

சரி, ரிசல்ட்டுக்கு வருகிறேன். அவர் சொன்னபடி ஹார்டன் டெம்பர் ராடு வாங்கி, கடைசல் முடித்து, ராடு டெம்பர் ஆன சூட்டுக்குக் கீழேயே வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ணி, ஃபைனல் கட் எடுத்து, 24 பீஸ் ட்ரயல் லாட் கொடுத்தேன். பத்து நாளில் வந்தது. வண்டியிலிருந்து இறக்கியதும் கிரைண்டிங்குக்கு அனுப்பாமல் நானே உட்கார்ந்து டயல் போட்டேன். முதல் பீஸ் 0.06. டயல் ஒட்டிக்கொண்டதோ என்று தட்டிப் பார்த்து மறுபடி சுற்றினேன், அதே 0.06. அடுத்தது 0.05. அதற்கடுத்தது 0.07. இருபத்தி நாலில் ஒன்றே ஒன்றுதான் 0.11 காட்டியது, மற்ற எல்லாம் 0.08க்குள். ஒரு பக்கத்துக்கு 0.2 அலவன்ஸ் விட்ட ஷாஃப்டுக்கு இது தாராளம். பிரஸ்ஸைத் தொடவே இல்லை. என் கிரைண்டர் ஆபரேட்டர் முதல் பீஸை மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ‘இன்னும் ஹார்டனிங்குக்குப் போகலீங்களா?’ என்று கேட்டார்.

ஒரு பீஸை மனசைக் கல்லாக்கிக்கொண்டு அறுத்தேன். பாலிஷ் போட்டு நைட்டால் (நைட்ரிக் ஆசிட் கலந்த ஆல்கஹால்) தடவியதும் ஹார்டு ஆன பகுதி லோப்பைச் சுற்றி ஒரு பட்டையாகத் தனியாகத் தெரிந்தது. மூக்கில் 3.1, பக்கச் சரிவில் 2.8, பேஸ் சர்க்கிளில் 2.6 மி.மீ. முன்பு ஒரு பழைய பீஸை அறுத்தபோது மூக்கில் 5க்கு மேலும் பேஸ் சர்க்கிளில் 1.2ம் இருந்ததை நினைத்துக்கொண்டேன். ஹார்ட்னெஸ் எல்லா லோப்பிலும் 55 முதல் 57 ஹெச்ஆர்சிக்குள். அரத்தால் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகிறது. கிராக் டெஸ்ட்டில் ஒரு பீஸ்கூடப் போகவில்லை. டெம்பரிங் அவர்களே 180 டிகிரியில் இரண்டு மணி நேரம், அதுவும் ஹார்டனிங் முடிந்த அன்றைக்கே போட்டுவிடுகிறார்கள். மறுநாள் வரைக்கும் போட்டு வைத்தால் சும்மா கிடக்கும்போதே விரிசல் விடுகிற பீஸ் உண்டு.

ஒவ்வொரு லாட்டோடும் ஒரு காகிதம் வருகிறது. பவர், விநாடி, க்வெஞ்ச் பாலிமர் எத்தனை சதவீதம், அதன் டெம்பரேச்சர், முதல் பீஸ் கடைசிப் பீஸ் ரன் அவுட், எல்லாம் கையால் எழுதியிருக்கும். பாலிமரைத் தினமும் காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவை அளவு காட்டும் கருவி) பார்க்கிறார்கள், நான் போயிருந்தபோது 8 சதவீதத்தில் இருந்தது. இது குறைந்துபோனால் ஆறும் வேகம் கூடி விரிசல் வரும், கூடினால் ஹார்ட்னெஸ் வராது. இதை வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பட்டறைகளும் இருக்கின்றன.

குறை இல்லாமல் இல்லை. முதலாவது நேரம். பத்து நாள் என்று சொல்லிவிட்டு இரண்டாவது லாட்டுக்குப் பதினாறு நாள் ஆயிற்று. போன் செய்தால் எடுப்பதில்லை, மதியம் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் பிடிக்க முடியும். இரண்டாவது காசு. பழைய இடத்தில் ஒரு ஷாஃப்டுக்கு 140 ரூபாய் கொடுத்தேன், இங்கே 210. காயில் செய்ய முதலிலேயே தனியாகக் காசு கொடுக்க வேண்டும், அந்தக் காயில் நம் பீஸுக்கு மட்டும்தான் ஆகும். இரண்டு மூன்று பீஸ் மட்டும் வைத்திருக்கிறவர்களுக்கு இது கட்டாது, அவர்களும் எடுத்துக்கொள்வதில்லை. மூன்றாவது, பேக்கிங். ஹார்டு ஆன லோப் ஒன்றோடு ஒன்று மோதும்படி சாக்கில் கட்டி அனுப்பினார்கள், இரண்டு லோப்பில் ஓரம் தெறித்திருந்தது. அதற்கு அடுத்த லாட்டிலிருந்து நானே மரத்தில் பள்ளம் எடுத்த ட்ரே செய்து கொடுத்துவிட்டேன். தெறித்த இரண்டு பீஸுக்கும் நான் கேட்காமலேயே அவர் பில்லில் கழித்துக்கொண்டார்.

சில் காஸ்ட் அயர்ன் கேமை இவரிடம் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அது வார்க்கும்போதே லோப்பில் ‘சில்’ (அச்சில் வைத்துச் சட்டென்று ஆறவைக்கும் உலோகத் துண்டு) வைத்து ஹார்டு ஆக்கியது, அதை மறுபடி இண்டக்ஷனில் போட்டால் கெட்டுத்தான் போகும், அவரும் வாங்க மாட்டார். எஸ்ஜி அயர்ன் (இன்னொரு வகை வார்ப்பிரும்பு) செய்கிறார், ஆனால் அதற்கு செட்டிங் வேறு, ட்ரயல் பீஸ் கூடுதலாகக் கேட்பார்.

நாலு மாதத்தில் 310 ஷாஃப்ட் கொடுத்து வாங்கியாகிவிட்டது. பெண்டு எடுக்க வேண்டி வந்தது மொத்தம் 5 பீஸ், அதில் மூன்று நான் ஸ்ட்ரெஸ் ரிலீவ் பண்ண விட்டுப்போன லாட்டில் வந்தவை. பிரஸ்ஸில் நின்ற தம்பி இப்போது கிரைண்டிங் பழகுகிறார். ஒரு ஷாஃப்டுக்கு 70 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தும், ஸ்கிராப்பும் கூலியும் குறைந்ததில் மாதக் கடைசியில் கையில் நிற்பது கூடியிருக்கிறது. உழவு சீசனில் திரும்பிவந்த அந்த வாடிக்கையாளருக்கு இந்த லாட்டில் வந்த ஷாஃப்ட் ஒன்றைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தேன். ஐப்பசி உழவு முழுக்க ஓட்டிவிட்டு, டாப்பெட் கவரைத் திறந்து லோப்பைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எட்டு லோப்பும் பளபளவென்று கீறல் இல்லாமல் இருந்தன.

அடுத்ததாக மூன்று சிலிண்டர் கேம் ஒன்று கொடுக்கப் போகிறேன், லோப் அகலம் குறைவு, இரண்டு லோப்புக்கு நடுவே இடைவெளி 9 மி.மீ. தான். செம்பு வளையம் வைக்க அதற்குள் இடம் பத்துமா என்று அவரே யோசிக்கிறார். காயில் தயாரானதும் ட்ரயல் பீஸோடு வரச் சொல்லியிருக்கிறார், டயல் ரீடிங் வந்ததும் இதன் கீழேயே சேர்க்கிறேன்.